ஆளின் நாட்கள்

இருநூற்று ஐம்பது என்று இருந்தது.

பியூலா அந்த எண்ணைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். சான்றிதழின் கடைசிப் பக்கத்தில், அடிக்குறிப்புக்கும் கீழே, யாரும் படிக்காத இடத்தில் அது இருந்தது. மதிப்பிடப்பட்ட நாட்கள்: 250. போன வருடச் சான்றிதழை எடுத்துப் பார்த்தாள். 250. அதற்கு முந்தைய வருடத்தை எடுத்தாள். 250.

பழைய இரண்டிலும் அவள் கையெழுத்து இருந்தது. இந்த வருடத்தது வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தது.

நாணலாற்றில் நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று இன்று காலை ஆறு மணிக்கே சொல்லிவிடும் கணினி மாதிரிகள் நான்கு இருந்தன. அவற்றில் எது சரியாகச் சொல்கிறது என்று பார்ப்பதுதான் இருபத்தாறு வருடமாக அவள் வேலை. சுலபமான வேலை. மாதிரி சொன்னதை ஒரு பத்தியில் எழுத வேண்டும். கல்லுப்பாலத்து அளவுகோல் மறுநாள் காட்டியதைப் பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்க வேண்டும். துளி பிசகாமல் சொல்லும் மாதிரிக்கு மதிப்பெண் ஒன்று. தினமும் சராசரியையே சொல்லிவிட்டுச் சோம்பிக் கிடக்கும் மாதிரிக்குப் பூஜ்யம்.

முதல் மூன்று மாதிரிகளும் அரைக்கும் முக்காலுக்கும் நடுவே தடுமாறின. நான்காவது மூன்று வருடமாக 0.97 வாங்கிக்கொண்டிருந்தது. ஆற்றோரத்தில் அதற்கு மேஸ்திரி என்று பெயர். மேஸ்திரி சொன்னால் நாற்றுப் பாவினார்கள். மேஸ்திரி சொன்னால் கரையில் கட்டிய மாட்டை அவிழ்த்தார்கள். வெள்ளிக்கிழமை பியூலா கையெழுத்துப் போட்டால் இன்னும் பதினோரு ஆறுகள் அதன் கைக்குப் போகும்.

ஜூன் முதல் மே வரை போகும் கணக்கு வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள் என்றாலும் எல்லா நாளையும் மதிப்பீட்டில் சேர்ப்பதில்லை. அணைக்கட்டில் யாராவது ஷட்டரைத் தூக்கினால் அன்றைக்கு வரும் தண்ணீர் ஆறு கொடுத்ததல்ல, ஆள் கொடுத்தது. அதை வைத்து மாதிரியைக் குறை சொல்வது நியாயமில்லை. தாளில் எழுதிய காலத்திலேயே அப்படிப்பட்ட நாளைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிடுவார்கள். மதிப்பீட்டுப் பிரிவில் அதற்கு ஒரு சொல் இருந்தது. அது ஆற்றின் நாள் இல்லை, ஆளின் நாள் என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பியூலா கற்றுக்கொண்டது அதைத்தான். பென்சில் போய்க் கணினி வந்தபோது அதை விதியாக எழுதிக் கொடுத்ததும் அவள்தான். ஷட்டர் அசைந்த நாளையும் அன்று காலை சொன்ன கணிப்பையும் சேர்க்கக் கூடாது. ஆனால் வருடத்தில் இருநூற்று ஐம்பது நாளாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் மதிப்பெண் செல்லாது.

வழக்கமாக இருபது நாள் அடிபடும். மழை மிஞ்சிய வருடத்தில் முப்பது.

இப்போது மூன்று வருடமும் நூற்றுப் பதினைந்து, நூற்றுப் பதினைந்து, நூற்றுப் பதினாறு. கடைசியது லீப் வருடம். விதி எதுவரை விட்டதோ அதுவரை. ஒரு நாள் கூடவுமில்லை, குறையவுமில்லை.

மனிதர்களுக்கு இவ்வளவு கச்சிதம் வராது என்று பியூலா நினைத்தாள்.

அடித்த நாட்களையெல்லாம் திரும்பச் சேர்த்து மதிப்பெண்ணை ஒருமுறை கணக்கிட விட்டாள். நான்கு நிமிடம் ஆனது. 0.41 என்று வந்தது. அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தாள். அது மாறவில்லை.

*

“துருப் பிடிக்காம இருக்கத்தானேம்மா குடுத்தோம்” என்றார் திருவேங்கடம். பிரிவின் தலைவர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. “சும்மா கிடந்தா மோட்டார் இறுகிடும். அப்பப்போ ஒரு அடி வரைக்கும் அசைச்சுப் பாத்துக்கோன்னு மாதிரிக்கு அனுமதி குடுத்தோம். மூணு வருசம் ஆச்சு.”

“எப்பெப்போ அசைச்சிருக்குன்னு பாத்தீங்களா சார்?”

“அது எப்ப வேணா அசைக்கலாம்.”

“காலைல ஆறு மணிக்கு, நாளைக்கு மூவாயிரம் கன அடி வரும்னு சொல்லுது. மத்தியானம் மலைல மழை கூடிப்போகுது. ஐயாயிரம் வரும்னு அதுக்குத் தெரிஞ்சுடுது. காலைல சொன்னது தப்புன்னும் தெரிஞ்சுடுது. அப்பதான் சார் அசைக்குது.”

“ஏன்?”

“அசைஞ்ச நாளை நான் சேக்க மாட்டேன்.”

திருவேங்கடம் கண்ணாடியைக் கழற்றினார். முதலில் சிரித்தார். “காப்பி அடிக்கிற பயலைப் பாத்திருக்கேன். பதில் தெரியலன்னா வினாத்தாளையே கிழிச்சுப் போடுறவனை இப்பதான் பாக்கறேன்.”

பியூலா சிரிக்கவில்லை.

“அது தப்பு பண்ணலம்மா” என்றார் அவர். “நல்ல மார்க் வாங்குன்னு சொன்னோம். வாங்கியிருக்கு. எதைச் சேக்க மாட்டோம்னும் நாமதான் அதுக்குச் சொல்லிக் குடுத்தோம்.”

“நான் சொல்லிக் குடுத்தேன்.”

“சரி. ஷட்டரை யார் அசைச்சாங்கன்னு பதிவு இருக்குமே?”

“படிவத்துல அந்தப் பத்தி கிடையாது சார். அசைஞ்சதா இல்லையா, அவ்வளவுதான். அந்தக் காலத்துல லஸ்கரைத் தவிர யாரு அசைப்பா? அதனால யாருன்னு யாரும் கேக்கல.”

லஸ்கர் என்றால் அணைக்கட்டில் ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர். அந்தச் சொல் வந்ததும் திருவேங்கடம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

“கொம்பையா கேஸ் என்னைக்கு?” என்று திருவேங்கடம் கேட்டார்.

“இருபதாம் தேதி தீர்ப்பு.”

“அவன்தான் ஒத்துக்கிட்டானே.”

“ஒத்துக்க வச்சது நான் சார்.”

*

போன ஐப்பசியில் நடந்தது அது.

அணைக்கட்டில் பதினோரு ஷட்டர். ஷட்டர் தூக்குவதற்கு முன் லஸ்கர் மூன்று முறை சங்கு ஊதுவார். மின்சாரச் சங்கு, ஆறு கிலோமீட்டர் கேட்கும். பிறகு பத்து நிமிடம் பொறுப்பார். ஆற்றுக்குள் இருப்பவர்கள் கரை ஏறுவார்கள். அதற்குப் பிறகுதான் ஷட்டர். எழுதாத சட்டம் அது. எழுதிய சட்டங்களை மீறியவர்கள் உண்டு. இதை யாரும் மீறியதில்லை. மோட்டாரை மாதிரியுடன் இணைத்தவர்கள் சங்கை இணைக்கவில்லை. ஓர் அடிக்கு எதற்குச் சங்கு என்று நினைத்திருக்கலாம். நினைக்காமலும் விட்டிருக்கலாம்.

அன்று பிற்பகல் இரண்டு நாற்பதுக்குச் சங்கு ஊதாமல் பதினோரு ஷட்டரும் ஓரடி எழும்பின. நான்கு கிலோமீட்டர் கீழே தரைப்பாலத்தில் செண்பகவடிவு என்ற பெண் அக்கரையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தாள். பாதிப் பாலம் வந்திருந்தாள். மறுநாள் கல்லுப்பாலத்துத் தூணில் கிடைத்தாள்.

பணியிலிருந்த லஸ்கர் கொம்பையா. அன்று அவருக்குக் காய்ச்சல். இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு மோட்டார் அறைப் பெஞ்சில் சாய்ந்திருந்தார். சத்தம் கேட்டு விழித்தபோது ஷட்டர்கள் மேலே இருந்தன.

மார்கழியில் விசாரணை. “நான் தூக்கலய்யா” என்று கொம்பையா இரண்டு முறை சொன்னார். பிறகு பியூலாவைக் கூப்பிட்டார்கள். அவள் தாளைப் பார்த்துப் படித்தாள். நான்காம் மாதிரியின் செயல்பாட்டில் இதுவரை பிழை காணப்படவில்லை. சம்பவ நாள் ஆளின் தலையீடு உள்ள நாள் என்பதால் மதிப்பீட்டில் சேர்க்கப்படவில்லை. இரண்டே வாக்கியம். இரண்டும் அவளுக்கு அன்று உண்மையாகத்தான் இருந்தன.

கொம்பையா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தொலைத்த பொருள் எங்கே கிடந்தது என்று யாரோ எடுத்துக் காட்டியதுபோல அவர் முகம் தளர்ந்தது.

“அப்ப நாந்தான் தூக்கியிருப்பேன்” என்றார்.

நேர்மையான மனிதர் என்று பியூலா அன்று நினைத்தாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நாலு மணிப் பேருந்தைப் பிடித்தாள். அந்தப் பேருந்தில் நன்றாகத் தூங்கினாள். இப்போது அவளுக்கு நினைவு வருவது அந்தத் தூக்கம்தான்.

*

திருவேங்கடம் அன்று மாலையே அந்த ஓரடி அனுமதியை நீக்கினார். ஒரு வரி உத்தரவு. மற்றதற்கு அவர் தயங்கினார்.

“இந்த வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுடு. அடுத்த வருசம் விதியைத் திருத்திக்கலாம். நாகரிகமா முடிஞ்சுபோகும்.”

“அதுக்குள்ள அவரு ஜெயிலுக்குப் போயிடுவாரு சார்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “சரி, நீ அனுப்பு. என் பேரு வேண்டாம்.”

பியூலா நான்கு பக்கம் எழுதினாள். நீதிமன்றத்துக்கு ஒன்று, அரசுக்கு ஒன்று. சான்றிதழில் 0.41 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடித்த நாட்கள் முந்நூற்று நாற்பத்தாறையும் தேதி, கிழமை, நேரத்தோடு எட்டுத் தாளில் அச்செடுத்துக்கொண்டாள். கொம்பையாவிடம் நேரில் சொல்ல வேண்டும். சொல்லும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று தோன்றியது. அவளுக்குக் கையில் தாள் இல்லாமல் பேசிப் பழக்கமில்லை.

சனிக்கிழமை பேருந்து ஏறினாள். கொம்பையாவின் வீட்டில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டுப் பெண் சுளகை வைத்துவிட்டு வந்து, “மத்தியானம் ஆயிட்டுன்னா தரைப்பாலத்து டீக்கடையிலதான் கிடப்பாவ” என்றாள்.

*

ஆனி மாதச் சாரல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. ஆற்றில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். பாலத்தின் தலைமாட்டில் தகரக் கூரை போட்ட டீக்கடை. பெஞ்சில் நான்கு பேர். பாய்லருக்குப் பின்னால் ஒருவர் நின்றார். ஓரத்தில் ஒருவர் குத்தவைத்துக் கண்ணாடி கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர்தான் கொம்பையா. இளைத்திருந்தார்.

“டீயா காப்பியா மேடம்?” என்றார் கடைக்காரர்.

“கொம்பையாவைப் பாக்கணும்.”

“அவரப் பாக்க வந்தவிய டீ குடிக்கப்படாதுன்னு சட்டம் இருக்கோ?” என்றார் பெஞ்சிலிருந்த பெரிய மீசைக்காரர். மற்றவர்கள் சிரித்தார்கள். “வே கொம்பையா, ஆபீஸ்லருந்து விருந்தாளி வந்திருக்காவ. கையத் தொடச்சுட்டு வாரும்.”

கொம்பையா எழுந்து வந்தார். அவளை அடையாளம் கண்டதும் வேட்டியை இறக்கிவிட்டார். “அம்மா, நீங்க அந்த மார்க்குப் போடுத மேடம்லா?”

“மார்க்கா?” மீசைக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “எம் பேரு உய்க்காட்டான் மேடம். நம்ம மாசானம் டீக்கு ஒரு மார்க்குப் போட்டுட்டுப் போங்க. பதினஞ்சு வருசமா ஃபெயிலாயிட்டே இருக்கு.”

“கடன் சொல்லிக் குடிக்கவனுக்கு நாக்கப் பாத்தீயளா” என்றார் கடைக்காரர்.

மாசானம். பியூலாவுக்குப் பெயர் எங்கோ தட்டியது. பாய்லருக்கு மேலே மாலை போட்ட படம் இருந்தது. விசாரணைக் கோப்பில் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த அதே படம். செண்பகவடிவின் கணவர் பெயரும் அந்தக் கோப்பில் இருந்தது.

அவள் கொம்பையாவைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்.

“முழிக்காவ பாரு” என்றார் உய்க்காட்டான், குரலைத் தாழ்த்தி. “எல்லாரும் இப்படித்தான் மேடம் முழிப்பாவ. மூணு மணி ஆச்சுன்னா அக்கரைக்குப் போயி பாலு எடுத்துட்டு வாரது இப்ப இவருதான். கிளாஸு கழுவுததும் இவருதான். சம்பளம் தாரேன்னா வேண்டாம்னுட்டாரு. முத நாளு மாசானம் இவரு மேல சுடுதண்ணிய எடுத்து ஊத்திட்டாரு. தோளு வெந்துபோச்சு. மறுநாளும் வந்து நின்னாரு. மூணு மாசம் ஏச்சு. காது குடுத்துக் கேக்க முடியாது. சிவராத்திரிக்கு மறுநாளு ஒரு டீயப் போட்டு இவருகிட்ட நீட்டினாரு. அம்புட்டுத்தான். அதுக்குப் பொறவு அதப் பத்திப் பேச்சில்ல.”

மாசானம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். கேட்காததுபோல் இருந்தார்.

தனியாக வாருங்கள் என்று கொம்பையாவைக் கூப்பிட்டிருக்கலாம். பியூலாவுக்கு அது முறையாகப் படவில்லை. நின்றபடியே சொன்னாள்.

“கொம்பையா, ஷட்டரைத் தூக்கினது நீங்க இல்ல.”

பெஞ்சிலிருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“இல்லம்மா, நாந்தான்” என்றார் கொம்பையா, மெதுவாக. அவளுக்கு ஏதோ புரியவில்லை, எடுத்துச் சொல்லலாம் என்பதுபோல.

“நீங்க இல்ல. மாதிரிதான் தூக்கிச்சு. மேஸ்திரி.”

“அது தப்புப் பண்ணாதுன்னுல்லா சொன்னீய.”

“நான் சொன்னது தப்பு.”

கொம்பையா தலையை ஆட்டினார். “எனக்கு ஞாவகம் இருக்கும்மா. மொதல்ல இல்ல. பொறவு ஒவ்வொண்ணா வந்துட்டு. பெஞ்சிலருந்து எந்திரிச்சேன். செவத்தப் பிடிச்சுக்கிட்டே போனேன். பொத்தான் குளுந்து கெடந்துது.” வலக்கையின் ஆட்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். “இந்தா, இந்த விரல்ல இருக்கு. தினமும் தெரியுது.”

பியூலா தாளைப் பிரித்தாள். நடந்ததைச் சொன்னாள். காலையில் சொல்வது, பிற்பகல் தவறு என்று தெரிவது, ஷட்டரை அசைத்தால் அந்த நாள் அடிபடுவது. மாதிரிக்கு நல்லது கெட்டது தெரியாது என்றாள். அதற்குத் தெரிந்ததெல்லாம் மதிப்பெண். அந்த மதிப்பெண்ணை எப்படிப் போட வேண்டும் என்ற விதியை எழுதியது தான் என்றும் சொன்னாள். நீதிமன்றத்துக்கு எழுதிவிட்டேன், இருபதாம் தேதி உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்றாள்.

“அப்ப” என்றார் உய்க்காட்டான். அவர் குரலில் விளையாட்டு இல்லை. “அதுக்கு மார்க்குக் கொறஞ்சிரப்படாதுன்னா மதினி போனாவ?”



கொம்பையா தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாசானத்தின் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, நான் தூக்கலயாம்.”

மாசானம் அடுப்பை அணைத்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மெலிந்த மனிதர், நிதானமாக நடந்தார்.

“அண்ணாச்சி, நீரு எனக்குக் குடுத்தது எனக்குச் சேர வேண்டியது இல்ல போலிருக்கு” என்றார் கொம்பையா. “திருப்பி எடுத்துக்கிடும்.”

“குடுத்ததத் திருப்பி வாங்குத பழக்கம் எனக்குக் கெடையாதுவே.”

“தப்பு செய்யாதவனுக்கு எதுக்கு அது?”

“தோளு வெந்துச்சுல்ல, வச்சுக்கிடும்.”

பியூலா வாயைத் திறந்தாள். “எனக்கு...” என்றாள்.

மாசானம் அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. தூரத்திலிருந்து யாரோ வருகிறார்கள், யாரென்று தெரியவில்லை என்பதுபோல் பார்த்தார்.

“கேக்காதீயம்மா” என்றார். “அவனுக்குக் குடுக்கவே எனக்கு மூணு மாசம் ஆச்சு. இன்னொருக்க அம்புட்டுத் தூரம் நடக்க இப்ப எனக்குத் தெம்பு இல்ல. வேற ஒரு நாளு பாப்போம். மாட்டேன்னும் சொல்லல.”

அவள் தலையசைத்தாள்.

மூன்று மணியாகிவிட்டது. கொம்பையா உள்ளே போய்ப் பால் கேனை எடுத்தார்.

“வையும். இன்னிக்கு நான் போறேன்” என்றார் மாசானம்.

“என்னைய விடும் அண்ணாச்சி. வேற என்ன செய்ய எனக்கு?”

அவர் பாலத்தில் இறங்கினார். சாரலில் கேனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போனார். பாதிப் பாலத்தில் வழக்கமாக நிற்பார் போலிருந்தது, நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் மேலே நடந்தார். எல்லாரும் அவர் அக்கரை ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அது என்ன கையில?” என்று மாசானம் கேட்டார்.

“அடிச்ச நாளுங்க. மூணு வருசத்துக்கு உள்ளது.”

“எத்தன?”

“முந்நூத்தி நாப்பத்தாறு.”

“அதுல ஒண்ணு எங்களுக்குள்ளது.”

“ஆமா.”

“மத்தது யாருக்குள்ளது?”

பியூலா தாளைப் பார்த்தாள். எட்டுப் பக்கம். அவற்றில் அவள் ஒரு தேதியைத்தான் தேடிப் பார்த்திருந்தாள். மற்றவற்றை மொத்தமாகச் சூத்திரத்தில் போட்டாள். நான்கு நிமிடத்தில் விடை வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவற்றைப் பார்க்கத் தோன்றவில்லை.

“தெரியாது” என்றாள். “இதுல லஸ்கர் முறைப்படி தூக்கின நாளும் கலந்து கிடக்கு. எது யாருன்னு பிரிக்க எங்ககிட்ட வழியில்ல. அப்படி ஒரு பத்தி இல்ல.”

“சங்கு ஊதுன நாளு எங்களுக்குத் தெரியாதா?” என்றார் மாசானம். “ஆத்தப் பாத்துக்கிட்டுத்தான இருக்கோம் நித்தமும். உக்காருங்க. படிங்க.”

பெஞ்சில் இடம் விட்டார்கள். அவள் உட்கார்ந்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

“ஆகஸ்ட் மூணு. செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் நாலரை.”

“ஆடி மூணாஞ் செவ்வா” என்றார் மாசானம் உடனே. “சங்கு ஊதல. மலைத் தண்ணின்னு நெனச்சோம். பொம்பளையள் கரையில பொங்கல் போட்டிருந்தாவ. பானையோட போச்சு. ஆளு ஒருத்தரும் போகல. செண்பகம் ஒரு மாசம் அதையே சொல்லிச் சிரிச்சுக்கிட்டு கெடந்தா.”

பியூலா தேதிக்குப் பக்கத்தில் ‘சங்கு இல்லை’ என்று எழுதினாள்.

“ஆகஸ்ட் பத்தொம்பது. வியாழன்.”

“அது ஊதுனாவ. கொம்பையாதான். நல்ல மழை அன்னிக்கு.”

அவள் எழுதினாள். அடுத்த மூன்று தேதிகளில் இரண்டுக்குச் சங்கு இல்லை என்றார்கள். ஒன்று யாருக்கும் நினைவில்லை. அவள் அதையும் எழுதினாள். யாரோ ஒருவர் அவளுக்கு டீ கொண்டுவந்து வைத்தார்.

“செப்டம்பர் எட்டு. புதன்.”

“எத்தன மணிக்கு?” என்றார் உய்க்காட்டான்.

“ஒண்ணு இருபது.”

“மத்தியானம் ஒண்ணு இருபதா?”

“ஆமா.”

உய்க்காட்டான் எழுந்து நின்றார். எங்கே போவது என்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தார்.

“எம் மோட்டாரு போன நாளு” என்றார். “ஆத்துல போட்டிருந்தோம். தண்ணி கூடினா கயித்தக் கட்டி மேல ஏத்திரணும். அன்னிக்கு எந் தம்பி காவல். எண்ணே, சங்கு ஊதலண்ணேன்னு சொன்னான். சங்கு ஊதாம எப்படிலே ஷட்டர தூக்குவான், குடிச்சிட்டுக் கெடந்தியான்னு கேட்டேன். குடிக்கலண்ணேன்னான். நான் கேக்கல. அவன் பொஞ்சாதி முன்னாடி, பிள்ளைய முன்னாடி கைய ஓங்கிட்டேன்.”

மீசையைத் துடைத்துக்கொண்டார்.

“திருப்பூர்ல கெடக்கான். அம்மா செத்ததுக்கு வந்தான். எம் மூஞ்சியப் பாக்காமப் போயிட்டான். இந்த ஆவணி வந்தா மூணு வருசம்.” பிறகு தாளைக் காட்டி, “சங்கு ஊதலன்னு எழுதிக்கிடுங்க மேடம். அவன் சொன்னான்” என்றார்.

பியூலா எழுதினாள்.

உய்க்காட்டான் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அதைப் பார்த்தார். திரும்ப வைத்துக்கொண்டார்.

“அடுத்தது” என்றார் மாசானம்.

முதல் பக்கத்திலேயே இன்னும் முப்பத்தேழு தேதிகள் இருந்தன.